முருகேசனுக்கு: உறைந்துபோகும் உன் சர்வரைப் பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் மெயில் கிடைத்தது. சின்னவளுக்குக் கோவையில் சீட் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் வரி விளம்பரம்கூட விடாமல் படிக்கிறார்.

சரி, சர்வருக்கு வருகிறேன். ராத்திரி பேக்கப் ஓடும்போது மெஷின் உறைகிறது, பிங்குக்கு (உயிரோடு இருக்கிறாயா என்ற நெட்வொர்க் விசாரிப்புக்கு) பதில் வருகிறது, தூரத்திலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்எச் மட்டும் பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். போகிற போக்கில், ஹார்ட் டிஸ்க் விளக்கு அணைந்தே இருந்தது என்றும் ஒரு வரி. எனக்கு அதுதான் முக்கியம். ராம் போதாமல், டிஸ்கையே மெமரியாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் திணறும் மெஷினில் அந்த விளக்கு விடாமல் எரியும். விளக்கும் எரியாமல், சிபியுவும் சும்மா கிடந்து, ஆனாலும் எதுவும் நகரவில்லை என்றால் யாரோ யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறார்கள். பிங்குக்குப் பதில் சொல்வது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலே. லாகின் செய்யப் புது ப்ராசஸ் கிளம்ப வேண்டும், அதற்கு மெமரி வேண்டும். அங்கே போய் மாட்டுகிறது.

நீ அனுப்பிய ஸ்கிரீன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 120 விநாடிக்கு மேல் முடங்கிக் கிடப்பதாகக் கெர்னல் புலம்பும் பட்டியலில் பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க், மெமரியை விடுவிக்கும் கேஸ்வாப்டி, கூடவே நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் என்எஃப்எஸ் சேவையை நடத்தும் என்எஃப்எஸ்டி. இந்த மூன்றாவது ஆள் ஏன் இங்கே என்று உன் மவுண்ட் பட்டியலைப் பார்த்தேன். சர்வர் தான் பகிரும் டைரக்டரியையே என்எஃப்எஸ் வழியாகத் தன் மேலேயே மவுண்ட் செய்து (இணைத்து) வைத்திருக்கிறது. பேக்கப் எழுதுவதும் அந்த வழியாகத்தான்.

பேக்கப் வேகமாக எழுத எழுத, டிஸ்குக்குப் போகாத அழுக்குப் பக்கங்கள் (டர்ட்டி பேஜ் என்னும் மெமரித் துண்டுகள்) ராமில் குவிகின்றன. மெமரி குறைந்ததும் அவற்றை எழுதிமுடித்து இடம் பிடிக்கக் கெர்னல் பார்க்கிறது. எழுத வேண்டுமென்றால் என்எஃப்எஸ்டி வாங்கிக்கொள்ள வேண்டும். என்எஃப்எஸ்டி இருப்பதும் அதே மெஷினில். வேலை செய்ய அதற்கும் மெமரி வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்பார்களே, அதேதான். மாட்டிய ப்ராசஸ் எல்லாம், குறுக்கிட முடியாத காத்திருப்பான டி நிலையில் கிடக்கும். கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் ஒன்பது அடித்தாலும் அசையாது.

ராமை 16 ஜிபியிலிருந்து 32 ஆக்கு என்று ஆலோசனை சொன்னவரிடம் சண்டை போடாதே, ஆனால் பணம் கொடுக்காதே. எழுதாமல் தேக்கிவைக்கும் அளவு ராமில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கு. ராம் கூடினால் குவியலும் கூடும். உறைவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அந்தச் சதவீதமான டர்ட்டி ரேஷியோவைக் குறைத்தாலும் அபூர்வமாகும், ஒழியாது. பேக்கப்பை உள்ளூர் டைரக்டரிக்கே நேராக எழுதவிடு. ஸ்கிரிப்டில் பழைய பாதையே வேண்டுமென்றால், என்எஃப்எஸ் இல்லாமல் ஒரு டைரக்டரியை இன்னொரு பாதையிலும் காட்டும் பைண்ட் மவுண்ட் போடு. புதிய கெர்னல்களில் இதற்குத் தடுப்புகள் உண்டு. நீ இன்னும் சென்ட்ஓஎஸ் 7-இல், 3.10 கெர்னலில் உட்கார்ந்திருக்கிறாய். அதற்கு ஆதரவு 2024 ஜூனோடு முடிந்தது, தெரியுமல்லவா?

மாற்றுவதற்கு முன் ஒரு தடவை ஆதாரம் பிடித்துவிடு. கீபோர்டில் ஆல்ட், சிஸ்ரிக் (கெர்னலுக்கு நேராக ஆணையிடும் பொத்தான்), டபிள்யூ சேர்த்து அழுத்தினால் முடங்கிய ப்ராசஸ் ஒவ்வொன்றும் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று கொட்டும். சென்ட்ஓஎஸ்-இல் சிஸ்ரிக் அமைப்பின் மதிப்பு இயல்பாக 16. எழுதாததை டிஸ்குக்கு அனுப்பும் சிங்க் மட்டும்தான் வேலை செய்யும். எல்லாம் வேலை செய்ய முன்கூட்டியே 1 ஆக்கி வை. டிஸ்க் முடங்கினால் பதிவு ஃபைல் எழுதாது, அதனால் கெர்னல் செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோல் போட்டுப் பக்கத்து மெஷினுக்கு அனுப்பிவிடு. அந்த 120 விநாடி எச்சரிக்கையும் 10 தடவைக்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளும், ஞாபகம் வைத்துக்கொள்.

இந்த மாதிரி முடிச்சு உனக்கு மட்டும் விழுந்ததல்ல. 2014 கடைசியில் தெட்சுவோ ஹண்டா என்பவர் கெர்னல்காரர்களிடம் கொண்டுவந்ததும் இதே ஜாதிதான். எட்டுப் பக்கம், அதாவது 32 கேபி வரையிலான மெமரிக் கோரிக்கையைக் கெர்னல் பெரும்பாலும் மறுப்பதே இல்லை. கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ப்ராசஸ் லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் பூட்டை) பிடித்துக்கொண்டு அப்படிச் சுற்றுகிறது. மெமரி தீர்ந்தால் ஒரு ப்ராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் ஒருவனைச் சாகச் சொல்கிறது, அவனோ அதே லாக்குக்காக நிற்கிறான். சாகவும் முடியவில்லை! 2016-இல் 4.6 கெர்னலில் மிக்கல் ஹோக்கோ ஓஓஎம் ரீப்பரைச் சேர்த்தார். ஆள் செத்து முடியட்டும் என்று காத்திராமல் அவனுடைய மெமரியை முதலில் பிடுங்கிக்கொள்ளும். படித்தபோது, இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று தோன்றியது.

அந்தச் சிஸ்ரிக் கொட்டும் பட்டியல் கிடைத்தால் கத்தரிக்காமல் முழுதாக அனுப்பு. பொங்கலுக்கு ஊருக்கு வருவேன், பழைய மெஸ் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்து வை.

அன்புடன்,
சேகர்