வீட்டுக்குப் பேச்சுவேலை கொடுத்து அனுப்புங்கள்: ஒரு தொடக்கப் பள்ளிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஒன்றாம் இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமியின் அம்மா நான். குறை சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, குறையில் பாதி எங்கள் பக்கம் இருப்பது தெரிந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன வாரம் 11 முதல் 20 வரை ஐந்து முறை எழுதிவரச் சொல்லியிருந்தீர்கள். என் மகள் அதை எப்படி முடிக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மேலிருந்து கீழே 1, 1, 1 என்று பத்துக் கட்டத்திலும் போட்டாள். அடுத்த வரிசைக்கும் அப்படியே. ஐந்து வரிசையும் முடிந்ததும் மறுபடி மேலே போய், அந்த ஒன்றுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று ஒட்டவைத்துக்கொண்டே இறங்கினாள். கடைசிக் கட்டத்தில் 20 வர வேண்டிய இடத்தில் 10 வந்து நின்றது. ஒரு நொடி முழித்தாள், பிறகு ஐந்தையும் அழித்துத் திருத்தினாள். பத்தே நிமிடம். மறுநாள் நோட்டில் சரி என்ற குறியும் ஒரு நட்சத்திரமும் வந்தன.

அன்று இரவு தையல் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, பதினான்கு பொத்தான்களை நெருக்கமாக வரிசையில் வைத்தேன். "எத்தனை இருக்கு?" என்றேன். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, "பதினாலு" என்றாள். அவள் கண் முன்னாலேயே அதே பொத்தான்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தேன். "இப்ப எத்தனை?" மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். "புதுசா எதுவும் வைக்கலையே, அப்புறம் ஏன் எண்ணுற?" என்று கேட்டதற்கு, "நீளமாயிடுச்சுல்ல, நிறைய ஆகியிருக்கும்" என்றாள்.

இது அவளுடைய குறை இல்லை. வரிசை நீண்டால் எண்ணிக்கையும் கூடிவிட்டதாகச் சிறு குழந்தைகள் நினைப்பதைச் சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியலாளர் ஜான் பியாஜே 1941-லேயே எழுதியிருக்கிறார். ஆறேழு வயதை ஒட்டி இந்தக் குழப்பம் மெல்ல விலகும். கொட்டி, அடுக்கி, பிரித்து, சேர்த்துப் பார்க்கப் பார்க்கத்தான் அது பிடிபடும். 14 என்று ஐம்பது முறை எழுதுவதால் வருவதில்லை. நட்சத்திரம் வாங்கிய அந்த நோட்டைப் பார்த்தால், அவளுக்குப் பதினான்கு தெரியும் என்று நீங்களும் நம்புவீர்கள், நானும் நம்புவேன்.

சரி, இவ்வளவு எழுதச் சொல்வது ஏன்? உங்களில் ஒருவரிடமே கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நோட்டு காலியாக இருந்தால் பெற்றோர் வந்து கேட்கிறார்கள்." எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ஜூனில் சேர்த்துவிட்டு ஜூலையில் வந்து, "இன்னும் எழுத ஆரம்பிக்கலையா?" என்று வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பிள்ளையின் நோட்டைப் படமெடுத்துப் போட்டால், என் மகளின் நோட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டிருக்கிறேன். கைவேலை கொண்டுவரச் சொன்னால், அவள் தூங்கிய பிறகு நானே வெட்டி ஒட்டியிருக்கிறேன். அதற்கும் ஒரு நட்சத்திரம் வந்தது. அதை யார் வைத்துக்கொள்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

ஆக, எங்களுக்குக் காட்டுவதற்காக நீங்கள் எழுதவைக்கிறீர்கள், உங்களுக்குக் காட்டுவதற்காக நாங்கள் எழுதவைக்கிறோம். நடுவில் மாட்டிக்கொண்டது ஆறு வயதுக் கை. அந்தக் கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாக இறுகத் தொடங்கி, கடைசி எலும்பின் முறை வருவதற்கே எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். விரல் தசைகளுக்கும் பழக்கம் வேண்டும். காகிதம் கிழிப்பது, களிமண் பிசைவது, மணி கோப்பது, கத்தரிக்கோலால் கோட்டின் மேலேயே வெட்டுவது, இவை எல்லாம் எழுத்துக்குப் போகும் வழிதான். மூன்றாவது வரியிலேயே "கை வலிக்குது" என்று அவள் சொன்னபோது, சாக்கு சொல்கிறாள் என்று அதட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர். அவரும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட தொகுப்பில், மேல் வகுப்பு மாணவர்களிடம் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிகவும் மெலிந்து கிடந்தது. வீட்டுக்கு எதுவுமே அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்துவேலைக்குப் பதிலாகப் பேச்சுவேலை அனுப்புங்கள் என்கிறேன்.

பேச்சுவேலை என்றால் என்ன? நாளுக்கு ஒரே ஒரு வரி போதும். "இன்று 'ப' கற்றோம். வீட்டில் 'ப' ஒலியில் தொடங்கும் பொருள்களைத் தேடிப் பாருங்கள்." அவ்வளவுதான். பாய், பல், பந்து என்று சொல்லிக்கொண்டே வீடு முழுக்க ஓடுவாள். நடுவில் "பாட்டி" என்று போய்க் கட்டிப்பிடிப்பாள். இன்னொரு நாள், ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்கும் விளையாட்டு. சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துக் கேட்கும் காது பழகிவிட்டால், எழுத்தைப் பார்த்ததும் ஒலி தானாக வாயில் வரும். நம் எழுத்து 247 என்று மலைக்கவைப்பதைவிட, பன்னிரண்டும் பதினெட்டும் சேர்ந்து பெருகும் கணக்கு அது என்று விளையாட்டிலேயே காட்டிவிடலாம். மற்றொரு நாள், "உலர்ந்த துணிகளை மடிக்கும்போது ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள், எத்தனை ஜோடி, எது மிச்சம் என்று கேளுங்கள்." படிக்கத் தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய வேலை இது. எழுத்துவேலை அவர்களை ஓரமாக உட்காரவைத்துவிடுகிறது. இதில் அவர்களும் ஆசிரியர்தான்.

கதைப்புத்தகத்துக்கு வருவோம். நான் வாசிப்பேன், அவள் கேட்பாள், அதுதான் வழக்கம். அவள் நடுவில் பேசினால் "முதல்ல கதையைக் கேளு" என்பேன். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், சில பெற்றோருக்கு இதைத் தலைகீழாகச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் கேள்வி கேட்க வேண்டும், குழந்தை சொல்வதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், கதையைக் குழந்தை கையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள்தான். ஒரே மாதத்தில் அவர்களின் பேச்சு, வழக்கமான முறையில் கதை கேட்ட குழந்தைகளைவிட முன்னேறியிருந்தது. இதைச் செய்து காட்டத் தெரிந்தவர்கள் நீங்கள். அறிவுரைத் துண்டுச்சீட்டு வேண்டாம். மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் எங்களை வகுப்பின் பின்பக்கம் உட்காரவையுங்கள், நீங்கள் கதை சொல்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. புத்தகத்தில் "நாய் ஓடி வந்தது" என்று இருக்கும். குழந்தை அதைப் பார்த்து "நாய் ஓடி வந்துச்சு" என்று படிக்கும். தப்பு என்று உடனே வெட்டிவிடுகிறோம், வகுப்பிலும் வீட்டிலும். என்னைக் கேட்டால் அந்தக் குழந்தைக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகவே கொடுக்கலாம். படித்தது புரிந்ததால்தானே தன் பேச்சில் சொல்கிறது? "ஆமாம், வந்துச்சு. புத்தகத்தில் அதை 'வந்தது' என்று எழுதுவோம்" என்று சொன்னால் போதாதா?

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களிடமும் கொஞ்சம் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒருவருக்கு ஐந்து நிமிடம், அதில் நான்கு நிமிடம் என்ன வரவில்லை என்பதற்கே போய்விடுகிறது. என் மகள் வீட்டில் ஓயாமல் பேசுவாள். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. அவளுக்குச் சத்தம் என்றால் பயம் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாளில் எங்களைக் கேட்டிருந்தால் எழுதித் தந்திருப்பேன்: எதைக் கண்டால் பயம், எதைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டாள், அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என்ன சொல்வாள்.

மழலைக் கல்வி என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டும் பெர்ரி ஆய்வு 1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளைப் பிற்பாடு நாற்பது வயது வரைக்கும், அதற்கு மேலும் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் மழலைப் பள்ளிக்குப் போனவர்கள் போகாதவர்களைவிடப் படிப்பிலும் வருமானத்திலும் மேலே இருந்தார்கள். இந்த முடிவைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போய், தாயோடும் குழந்தையோடும் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். உங்களிடம் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அது நடக்காது, எனக்குத் தெரியும். ஒரு தாள் நடக்கும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்ய வேண்டியதில் தூக்கம் முதலாவது. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது எங்கள் பொறுப்பு, அதை உங்கள் தலையில் கட்டமாட்டேன். நோட்டு ஏன் காலி என்று இனி வாசலில் நின்று கேட்கமாட்டேன். குழுவில் யாராவது கேட்டாலும், இந்த மடலை அங்கே போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா

பி.கு.: 21 முதல் 30 வரை ஐந்து முறை எழுதச் சொன்ன நேற்றைய வீட்டுப்பாடம் மூன்று முறையோடு நிற்கிறது. மணி ஒன்பதாகிவிட்டது, நான்தான் படுக்கச் சொன்னேன். அவளைக் கேட்காதீர்கள், என்னைக் கேளுங்கள்.