ஒனேசிமஸிலிருந்து தொடங்கு

அன்புள்ள தமிழரசிக்கு,

இங்கு அனைவரும் நலம். பாஸ்டனில் நீ ஆற்றவிருக்கும் உரையின் வரைவைப் படித்தேன். அந்நகரில் 1721இல் பரவிய பெரியம்மையின் வரலாற்றைப் பாதிரியார் காட்டன் மேதரிலிருந்து தொடங்கியிருக்கிறாய். அது எனக்கு உடன்பாடில்லை.

மேதருக்கு அவருடைய திருச்சபையார் 1706இல் அன்பளிப்பாக வாங்கிக் கொடுத்த ஆப்பிரிக்க அடிமை ஒனேசிமஸ். உனக்கு அம்மை கண்டதுண்டா என்று கேட்டபோது, உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லலாம் என்று விடையளித்த அவர், தம் நாட்டில் அம்மைச் சீழைச் சிறிதளவு தோலில் கீறி ஏற்றுவார்கள் என்றும் அதன்பின் அந்நோய் அண்டாது என்றும் விளக்கினார். ஐரோப்பியர் வழியாக இம்முறையைக் கேள்விப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே தம் பணியாளரிடம் அறிந்ததாக, 1716இல் லண்டனிலுள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு மேதரே எழுதியிருக்கிறார். அவரே ஒப்புக்கொண்ட வரிசையை நாம் ஏன் மாற்ற வேண்டும்?

மேதரைக் குறைத்து எழுதச் சொல்லவில்லை. அமெரிக்காவிலுள்ள சேலம் என்ற ஊரில் சூனியக்காரர்கள் என்று பலரை விசாரித்த நீதிபதிகளுக்காக வாதாடி எழுதிய அதே மனிதர், 1721இல் நோய் பரவியபோது சீழ் ஏற்றும் இம்முறையைக் கையாளச் சொல்லி ஊரையே பகைத்துக்கொண்டார். அவர் வீட்டுச் சன்னலுக்குள் வெடிகுண்டுகூட எறியப்பட்டது. நகரில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்த ஒரே மருத்துவரான வில்லியம் டக்ளஸ், ஆப்பிரிக்கரின் சொல்லை நம்புவதா என்று ஏளனம் செய்தார். ஜேம்ஸ் பிராங்க்ளின் நடத்திய செய்தித்தாளும் எதிரணியில் நின்றது. அவருடைய தம்பி பெஞ்சமின் அப்போது அந்த அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். ஆயினும் டக்ளஸை வெறும் மூடராகக் காட்டிவிடாதே. சீழ் ஏற்றப்பட்டவரிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே.

மேதரின் சொல்லை ஏற்ற மருத்துவர் சப்டியல் பாய்ல்ஸ்டன் ஜூன் 26 அன்று தம் ஆறு வயது மகனுக்குச் சீழ் ஏற்றியதைத் துணிச்சல் என்று பாராட்டியிருக்கிறாய். அதே நாளில் அவர் வீட்டு அடிமை ஜாக்குக்கும் ஜாக்கின் சின்னஞ்சிறு மகனுக்கும் ஏற்றினார் என்பதை விட்டுவிட்டாய். மறுத்துச் சொல்ல அவர்களுக்கு என்ன வழி இருந்தது? அந்த மூவரும் பிழைத்தார்கள் என்பதோடு இதையும் சேர்த்து எழுது.

எண்களைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். இயல்பாக நோய் கண்ட 5,889 பேரில் 844 பேர் இறந்தார்கள். சீழ் ஏற்றப்பட்ட ஏறத்தாழ 240 பேரில் 6 பேர். திருத்திய வரைவை உரைக்கு முன்பே அனுப்பு. அம்மாவும் படிக்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா