மலிவு ரைஃபிளில் எங்கே கை வைத்திருக்கிறார்கள்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதி. விசாவில் இருக்கும்வரை, வேட்டை உரிமம் போன்ற ஒன்றிரண்டு விலக்கு தவிர, துப்பாக்கி வாங்கச் சட்டம் விடாது. இனி அந்தத் தடை இல்லை. கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற அரசுப் படிவத்தை உண்மையாக நிரப்பு. உன் பணத்தில் உனக்காக மட்டும் வாங்கு. மாநிலச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடு. கலிஃபோர்னியாவில் கிடைப்பது வேறு, ஒஹாயோவில் கிடைப்பது வேறு.

ருமேனிய வாஸர்-10, செர்பிய எம்70, பழைய எஸ்கேஎஸ், இந்த மூன்றில் எது என்று கேட்டிருக்கிறாய். முதல் இரண்டும் ஏகே-47 வகை. மூன்றும் 7.62×39 தோட்டா சுடுபவை. "இவ்வளவு மலிவா இருக்கே, நல்லதா?" என்று கேட்பதைவிட, மிச்சம் பிடித்தவன் எந்த இடத்தில் பிடித்தான் என்று கேள். பெயின்ட்டிலும் மரத்திலும் பிடித்திருந்தால் வாங்கலாம். பேரலைப் (குழலை) பிடித்துக்கொண்டு, சுடும்போது அதன் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் அடியைத் தாங்கும் இரும்புக் கட்டி இருக்கிறதே, டிரன்னியன், அதில் பிடித்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாஸர் அதற்கு நல்ல உதாரணம். பார்க்கச் சகிக்காது. மரம் சொரசொரவென்று இருக்கும், பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கும். ஆனால் ருமேனியாவின் குஜிர் ஊரில் ராணுவத்துக்குச் செய்து பழகிய ஆலையிலிருந்து வருவது. பேரல் சுத்தியலடியில் உருவானது, உள்ளே குரோம் பூச்சு உண்டு. டிரன்னியன் அடித்து உருவாக்கியது, அதாவது ஃபோர்ஜிங். அதற்கு நேர் எதிராக, அமெரிக்காவிலேயே செய்த சில மலிவு ஏகேக்களைப் பார். கடைக் கண்ணாடிக்குள் பளபளவென்று இருக்கும், உள்ளே டிரன்னியன் உருக்கி ஊற்றிய காஸ்டிங். ஒவ்வொரு சுடுதலிலும் போல்ட்டின் காதுகள் டிரன்னியனில் மோதுகின்றன. உலோகம் மென்மையாக இருந்தால் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியும், தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடும். ஹெட்ஸ்பேஸ் என்பது அந்த இடைவெளிதான். கூடிக்கொண்டே போனால் ஒருநாள் தோட்டாக் கூடு கிழிந்து, சூடான வாயு முகத்துக்கு நேராக வரும்.

அதனால் ஹெட்ஸ்பேஸை அளக்கும் தோட்டா வடிவ இரும்புத் துண்டு, கேஜ், இரண்டு வாங்கு. குறைந்தபட்ச அளவுக்குக் கோ ஒன்று, தாண்டக் கூடாத அளவுக்கு ஃபீல்ட் ஒன்று. சோதிக்கும்போது, போல்ட்டை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, கேஜை உள்ளே வைத்து, விரலால் மெதுவாகத் தள்ளு. ஸ்பிரிங் வேகத்தில் அறைய விடாதே. கேஜும் கெடும், அளவும் பொய்யாகும். கோ கேஜில் போல்ட் மூட வேண்டும். ஃபீல்டில் மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது, அதில் பேச்சே இல்லை. வாங்கிய அன்று ஒருமுறை, 500 தோட்டாவுக்குப் பிறகு ஒருமுறை, 1000-ல் ஒருமுறை பார்த்து எழுதி வை. அளவு நகர்கிறதா என்பதுதான் சேதி.

கடையில் நின்றுகொண்டே பார்க்க வேண்டியவை வேறு. எதையும் தொடுமுன் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, கழற்று, போல்ட்டை இழு, தோட்டா அமரும் அறையைக் கண்ணால் பார், சுண்டுவிரலாலும் தொட்டுப் பார். பிறகு பின்னால் நின்று, குறிபார்க்கும் பின் சைட்டின் பள்ளம் வழியாக முன் சைட்டைப் பார். நேராக நிற்கிறதா, சாய்கிறதா? வாஸரின் பேர்போன குறை இந்தச் சாய்வு. பேரலில் அழுத்திப் பொருத்தும்போது கோணம் தப்பிவிடும். கொஞ்சம் சாய்ந்தால் பெரிய தீங்கில்லை, முன் சைட் உருளையைத் தட்டி நகர்த்திச் சரிசெய்யலாம். இவற்றின் மூலமான ராணுவ ஏகே, ஏகேஎம், அதில் இரண்டு சைட்டுக்கும் நடுவே 378 மி.மீ., ஆகவே உருளை 1 மி.மீ. நகர்ந்தால் 100 மீட்டரில் குண்டு சுமார் 26 செ.மீ. ஒதுங்கும். பழைய துப்பாக்கியில் உருளை ஏற்கெனவே ஓரத்தில் பிதுங்கி நின்றால், முன்னாள் உரிமையாளர் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். இன்னொன்றைக் கேள்.

முன் சைட்டைவிட, பேரலிலிருந்து வாயுவைப் பிஸ்டனுக்குத் திருப்பும் கேஸ் பிளாக்கின் சாய்வு மோசம். அது திரும்பியிருந்தால் பிஸ்டன் ஒரு பக்கமாக உரசும். மூடியையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, போல்ட்டையும் பிஸ்டனையும் தாங்கி ஓடும் கேரியரைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டிப் பார். வழியில் எங்கும் தடுமாறக் கூடாது. பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று தேய்ந்திருந்தால் அதுவே சாட்சி.

மேகசின் ஆட்டம் பற்றி நிறைய பேர் பயமுறுத்துவார்கள். வாஸர் இறக்குமதியாகும்போது ஒற்றை வரிசை மேகசினுக்கான சின்ன வாயோடு வரும், இங்கே அதை வெட்டி அகலப்படுத்துவார்கள். ராணுவ ஏகேஎம்மில் ரிசீவரின், அதாவது துப்பாக்கியின் தகட்டு உடலின், இருபக்கமும் இருக்கும் அந்தக் குழிவு இதில் இல்லை. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது சகஜம், சுடுவதைக் கெடுக்காது. கெடுப்பது மேலும் கீழும் ஆடுவது. மேகசின் தாழ்ந்தால் போல்ட் தோட்டாவைத் தவறவிடும். டம்மி தோட்டா ஐந்து போட்டு, கையால் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ரிசீவர் தகட்டைப் பிணைக்கும் ரிவெட் ஆணித் தலைகளையும் கவனி. உருண்டையாக, தகட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். அடியில் காகிதம் நுழைந்தால் வேண்டாம்.

செர்பிய எம்70 வேறு ரகம். க்ராகுயேவாட்ஸில் சாஸ்தவா ஆலையில் செய்வது. ரிசீவர் தகடு 1.5 மி.மீ., வாஸரில் 1 மி.மீ. டிரன்னியனும் தடித்தது. கனம் கூடும், தோள் சொல்லும். இந்த ரகத்தில் இப்போது வரும் இசட்-பாப்பின் பேரலில் குரோம் பூச்சு உண்டு, முன்பு வந்த என்-பாப்பில் இல்லை. பழையதை யாராவது புதிய விலைக்குத் தள்ளப் பார்த்தால் இதைக் கேள். ஒரு எச்சரிக்கை: ஏகேஎம்முக்கான மரச்சாமான் இதற்குப் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதே.

மாற்றியமைக்கும் ஆசை வந்தால், இறக்குமதிப் பாகங்களைக் கட்டுப்படுத்தும் 922(ஆர்) என்ற அமெரிக்கச் சட்ட விதி ஞாபகம் இருக்கட்டும். பட்டியலிட்ட 20 பாகங்களில் வெளிநாட்டுப் பாகம் 10-க்கு மேல் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் டிரிகர் போன்றவற்றை இங்கே செய்தவையாகவே போட்டுக் கொடுக்கிறார்கள். ருமேனிய மரம் அழகாக இருக்கிறது என்று அமெரிக்க மரத்தைக் கழற்றினால் கணக்குப் பிசகலாம். வெளிநாட்டு மேகசினே மூன்று பாகமாக எண்ணப்படும்.

எஸ்கேஎஸ் என்றால் எந்த நாட்டுடையது என்பதுதான் முதல் கேள்வி. யூகோஸ்லாவிய எம்59/66-ல் பேரலுக்குள் குரோம் கிடையாது. அந்நாட்டுப் பழைய ராணுவத் தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமர், பேரலை அரிக்கும் உப்பைக் கக்கும் வகை. சுட்டுவிட்டு அப்படியே வைத்தவர்களின் துப்பாக்கியில் குழி விழுந்திருக்கும், விளக்கடித்துப் பார். நீ அந்தத் தோட்டா சுட்டால் அன்றே சூடான தண்ணீரால் பேரல், பிஸ்டன், கேஸ் குழாய், போல்ட் முகம் எல்லாம் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவு. எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். எம்59/66-ல் கிரனேட் ஏவுவதற்கான கேஸ் வால்வு ஒன்றும் உண்டு. அது அரித்திருந்தால் வாயு கசிந்து, அடுத்த தோட்டா தானாக ஏறாது. பலர் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

எந்த எஸ்கேஎஸ் ஆனாலும் போல்ட்டைக் கழற்றிக் காதருகே குலுக்கு. உள்ளே பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் கலகலவென்று ஆட வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய காஸ்மோலின் மெழுகு இறுகி பின் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும், ஒன்றன்பின் ஒன்றாகவும் போகும். மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சுத்தம் செய்யாமல் முதல் தோட்டா போடாதே. பேரலின் வாய்முனையில் டம்மி தோட்டாவைத் தலைகீழாகச் செருகிப் பார்ப்பதும் நல்லது. குண்டு முழுக்க உள்ளே போய்க் கூட்டின் விளிம்பு தொட்டுவிட்டால், முனையிலிருந்து துடைத்துத் துடைத்தே தேய்த்துவிட்டார்கள்.

விலைக்கு வருகிறேன். சீனாவிலிருந்து துப்பாக்கி வருவது 1994-ல் நின்றது. ரஷ்ய ஏகே வகைகளான சைகா 2014-ல், வேப்பர் 2017-ல் அமெரிக்கத் தடைப்பட்டியலுக்குப் போயின. 2021-ல் ரஷ்யத் தோட்டாவுக்கும் தடை வந்தது. ஆகவே சீன எஸ்கேஎஸ்ஸின் விலையில் பாதி, இனி வராது என்பதற்கான விலை. சுடுவதற்கு வாங்குகிறவன் அதைக் கொடுக்க வேண்டாம். கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறவன் கொடுக்கட்டும்.

துப்பாக்கி விலையை மட்டும் பார்க்காதே. 900 டாலர் என்று வைத்துக்கொள். 8 சதவீத விற்பனை வரி 72, துப்பாக்கியை உன் பெயருக்கு மாற்றித் தரக் கடைக்காரரின் கட்டணம் 40, மேகசின் நான்குக்கு 80, கேஜ் இரண்டுக்கு 70, 500 தோட்டா 50 சென்ட் வீதம் 250. ஆக 1,412. வாஸருக்கும் எம்70-க்கும் நடுவே இருக்கும் நூறு இருநூறு டாலர் வித்தியாசம் இதன் முன்னே சின்னதாகத் தெரியும். என்னைக் கேட்டால் எம்70. நேராக நிற்கும் வாஸர் கிடைத்தால் அதுவும் குறைவில்லை. எதை வாங்கினாலும் 100 கஜத்தில் நான்கு அங்குல வட்டத்துக்குள் ஐந்து குண்டு விழுந்தால் திருப்திப்படு. இரும்புக்கூட்டுத் தோட்டாவின் குண்டுறையிலும் பெரும்பாலும் இரும்பு கலந்திருக்கும். உள்ளரங்க ரேஞ்சுகளில் காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள், கிளம்புமுன் ஃபோன் செய்து கேள்.

டிசம்பரில் மதுரை போவதாக எழுதியிருக்கிறாய். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை அந்தப் பயணத்துக்கு எடுக்காதே. மூலையில் ஒரே ஒரு தோட்டா உருண்டு கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டம் பாயும். பை தனி, பெட்டி தனி என்று இன்றைக்கே பிரித்து வை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்