அந்த சார் போன எடு பாப்பா

பாப்பா,

நேத்து ராத்திரி சித்தி போன் பண்ணுனாங்க. ஜிசிடில, அதான் கோயம்புத்தூர் கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ்ல, ட்ரிபிள்இ (எலக்ட்ரிக்கல் குரூப்பு) கெடச்சிருச்சுன்னு சொல்றப்பவே அவங்க குரல் ஒடஞ்சிருச்சு, எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. 1945ல ஆரம்பிச்ச காலேஜ், தடாகம் ரோட்டுல பஸ்ல போறப்பல்லாம் நீ ஜன்னல்ல எட்டி எட்டிப் பாத்த அதே கேட்டு. கெமிஸ்ட்ரில நாலு மார்க் போயிருச்சுன்னு ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தியே, அது கட்ஆஃப்ல பாதியா, ரெண்டாத்தான் கொறையும், கணக்கு மார்க் காப்பாத்தும்னு அன்னிக்கே சொன்னேன்ல.

அப்புறம் சித்தி இன்னொன்னும் சொன்னாங்க. மே மாசம் அட்வான்ஸ் கட்டி சீட்டு போட்டு வெச்ச காலேஜ்ல இருந்து, வீட்டுக்கே வந்து பாரம் நெரப்பிக் குடுத்தாரே, அந்த சார் நாலு நாளா கூப்பிடறாராம், நீ போன கவுத்து வெச்சிட்டு உக்காந்திருக்கியாம். அதுக்குத்தான் இந்த லெட்டர். இந்த வருஷம் உன்ன மாதிரி எத்தனையோ புள்ளைங்க இதே தவிப்புல இருப்பாங்கன்னுதான் பொதுவுல எழுதறேன், உன் பேரு போடல.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ கண்ணு, நீ யாரையும் ஏமாத்தல. பிரைவேட்ல ரிசல்ட்டுக்கு முன்னாடியே சீட்டு போட ஆரம்பிச்சிடறாங்க, கவுன்சிலிங் ரவுண்டெல்லாம் அதுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் நடக்குது, நடுவுல புள்ளைய எங்கயாவது சேத்துடணும்னு பெத்தவங்க பயப்படறாங்க. சித்தப்பா பயந்துதான் கட்டினாரு. அங்க சிஎஸ்இ, கம்ப்யூட்டர் குரூப்பு ஆச்சேன்னு அவருக்கு இன்னும் கொஞ்சம் மனசு இழுக்குதாம், இழுக்கட்டும், ஆனா உங்க வீட்ல நீதான் முதல் பட்டதாரி, அந்த கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியா சேந்தாத்தான் கெடைக்கும், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு கெடையாதுன்னு அவர்ட்ட எடுத்துச் சொல்லு.

ஆனா சொல்லாம இருக்கியே, அது தப்பு. ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா 2014ல நானும் இதேதான் பண்ணினேன், இதுவரைக்கும் உன்கிட்ட சொன்னதில்ல. அப்பல்லாம் கவுன்சிலிங்னா கிண்டிக்கு நேர்ல போகணும், அண்ணா யுனிவர்சிட்டில பெரிய ஸ்கிரீன்ல ஒவ்வொரு காலேஜுக்கும் சீட்டு கொறஞ்சுட்டே வர்றத பாத்துட்டு உக்காந்திருக்கணும், எனக்கு நல்ல எடம் கெடச்சுது, அந்த சந்தோஷத்துல முன்னாடி அட்வான்ஸ் கட்டின காலேஜுக்கு ஒரு வார்த்த சொல்லல. அவங்க கூப்பிட்டப்பவும் எடுக்கல. கடைசி நாள் நெருங்கினப்பறம்தான் டிசி அவங்ககிட்ட மாட்டிட்டு இருக்குன்னு ஒறச்சுது. உன் பெரியப்பா மூணு தடவ போனாரு. மொத நாள் சார் இல்லன்னாங்க, ரெண்டாவது நாள் வருஷ பீஸ் முழுசா கட்டிட்டு வாங்கிட்டு போங்கன்னாங்க. மூணாவது நாள் நானும் கூடப் போனேன். வராண்டால ஒரு மர பெஞ்சு, அப்பா மடில மஞ்சப்பை, அதுக்குள்ள எல்லா ஜெராக்ஸும், யார் கதவத் தெறந்தாலும் அப்பா எந்திரிச்சு எந்திரிச்சு நின்னாரு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல டிசி கைக்கு வந்துச்சு. எடுத்துக் குடுத்த மேடம் கோவமாக்கூட பேசல, "ஏம்மா, ஒரு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, இதே குரூப்புக்கு ஒரு பொண்ணு நாலு நாள் அவங்கம்மாவோட வந்து பாத்துட்டுப் போச்சு, சீட்டு இல்லன்னு அனுப்பிட்டோம்"னாங்க. அந்தப் பொண்ணு எங்க சேந்துச்சோ, சேரவே இல்லையோ. ட்ரெய்ன்ல வர்றப்ப புள்ளைங்க அம்மாவோட ஃபைல் வெச்சிட்டு உக்காந்திருந்தா இன்னிக்கும் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

உன் பணத்தையும் சர்டிபிகேட்டையும் புடிச்சு வெச்சுக்க அவங்களுக்கும் உரிமை இல்ல, அதையும் தெரிஞ்சுக்கோ. இன்ஜினியரிங் காலேஜுக்கெல்லாம் விதி போடற ஏஐசிடிஇ சொல்றபடி கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீ விலகினா ப்ராசஸிங் பீஸ்னு 1000 ரூபாய்க்கு மேல எடுக்கக் கூடாது, மீதிய திருப்பித் தரணும். ஒரிஜினல் சர்டிபிகேட்ட வெச்சுக்கவும் கூடாது. கிளாஸ் ஆரம்பிச்சப்பறம் விலகினா கணக்கு மாறிடும், உன் சீட்டுல கடைசி தேதிக்குள்ள வேற ஆள் சேந்தாங்களாங்கறத வெச்சுத்தான் பணம். அதனால நீ சொல்லாம தள்ளிப் போடற ஒவ்வொரு நாளும் உனக்கும் நஷ்டம், அந்த சீட்டுக்கு காத்திருக்கறவங்களுக்கும் நஷ்டம். ஆனா விதி இருக்குன்னு எடுத்த எடுப்புல சட்டம் பேசாத. முதல்ல மரியாதையா கேளு, இழுத்தடிச்சா அப்ப பேசிக்கலாம், நான் வரேன்.

லெட்டர் தமிழ்லயே எழுது, இப்படி:

"ஐயா, வணக்கம். தங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் பிரிவில் எனக்கு இடம் ஒதுக்கித் தந்தமைக்கு நன்றி. பொதுக் கலந்தாய்வில் எனக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்து, அங்கு சேர முடிவு செய்துள்ளேன். எனவே எனது சேர்க்கையை ரத்து செய்து, இந்த இடத்தை வேறொரு மாணவருக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது அசல் சான்றிதழ்களையும் நான் செலுத்திய தொகையையும் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்."

அவ்ளோதான். ஏன் அங்க சேரலங்கறதுக்கு காரணமா அடுக்காத, வீட்ல கஷ்டம், ஒடம்பு சரியில்லன்னு பொய்யும் வேண்டாம். அப்ளிகேஷன் நம்பர், பணம் கட்டின ரசீது நம்பர், சித்தப்பா பேங்க் அக்கவுண்ட், குடுத்த சர்டிபிகேட் என்னென்ன, எல்லாம் கீழ எழுதிடு. ரெண்டு காப்பி, ஒண்ணுல தேதியும் சீலும் போட்டு வாங்காம எடத்த விட்டு நகராத, மெயில்லயும் ஒண்ணு அனுப்பிடு.

அப்புறம் அந்த சார். அவரு மேல உனக்கு பயமில்ல, கூச்சம், எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து தரைல உக்காந்து பொறுமையா எல்லா பாரத்தையும் நெரப்பிக் குடுத்தாரு, சித்தி போட்ட காப்பிய குடிச்சிட்டு நல்லா படிம்மான்னு சொல்லிட்டுப் போனாரு. சில காலேஜ்ல பாடம் எடுக்கறவங்களுக்கே இத்தன அட்மிஷன்னு டார்கெட் குடுத்து ஊர் ஊரா அனுப்பறாங்க, அவரும் அப்படி வெயில்ல அலஞ்சவரா இருக்கலாம். நீ இல்லன்னு சொன்னாக்கூட அவரு இன்னொருத்தர பாக்கப் போவாரு, எடுக்காமயே இருந்தா உன்னையேதான் நம்பிட்டு இருப்பாரு. "சார், எனக்கு ஜிசிடி கெடச்சிருச்சு, அங்க சேரப் போறேன், நீங்க பண்ணின உதவிக்கு ரொம்ப நன்றிங்க சார்"னு சொல்லிடு, ஒரு நிமிஷம் ஆகாது. திட்டுனா கேட்டுக்கோ.

நாளைக்குக் காலைல சித்தப்பா வேலைக்கு கெளம்பறதுக்கு முன்னாடி அவரையும் கூட்டிட்டு ஆபீஸ் தெறக்கறப்பவே போயிடு. அலாட்மென்ட் ஆர்டர் ஜெராக்ஸ் ஒண்ணு கைல இருக்கட்டும். டிசி வாங்கினதும் எனக்கு போட்டோ அனுப்பு, நான் போன கைலயே வெச்சிட்டு இருப்பேன்.

இப்படிக்கு
அக்கா