மாதம் எட்டு பிளேடு: கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம்.

நோயாளியின் திசுவை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் இயந்திரத்துக்குப் பிளேடு இனி மாதத்துக்கு எட்டு மட்டும். பயன்படுத்திய எட்டையும் எண்ணி ஒப்படைத்தால்தான் அடுத்த எட்டு. கடந்த மூன்று மாதத்தில் செலவு கூடியது ஏன் என்று ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம், மூன்று நகலில். உங்கள் சுற்றறிக்கையை நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

விளக்கம் துறைத் தலைவர் வழியாக உரிய நாளில் வந்திருக்கும். 'பிளாக்குகளின் எண்ணிக்கை உயர்ந்ததன் காரணமாக' என்று அதில் ஒரு வரி இருக்கும். (பிளாக் என்றால் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி.) கோப்புக்கு அது போதும். 22 வருடமாக மைக்ரோடோமின் சக்கரத்தைச் சுற்றுகிறவனுக்குப் போதவில்லை. அதனால் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று: எட்டு என்ற வரம்பை எடுத்துவிடுங்கள். பிளேடை எப்போது மாற்றுவது என்பதை மைக்ரோடோம் முன்னால் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்யட்டும்.

உங்களில் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பேத்தாலஜி ஸ்லைடு பார்த்துப் பரீட்சை எழுதித் தேறியவர்கள். ஆகவே ஃபார்மலினில் ஊறிய திசு ராத்திரி முழுக்க ப்ராசஸர் இயந்திரத்தில் ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று ஜாடி ஜாடியாக இறங்கி ஏறி, காலையில் ஒரு மெழுகுக் கட்டிக்குள் உட்கார்ந்து எங்களிடம் வரும் கதையைச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். அதற்குப் பிறகு நடப்பதை மட்டும் சொல்கிறேன். பிளாக்கை ஐஸில் குளிரவைத்து மைக்ரோடோமில் பூட்டுகிறோம். முதலில் பத்துப் பதினைந்து மைக்ரானாக மேல் மெழுகைச் சீவித் தள்ளி, திசுவின் முகம் முழுதாகத் தெரிந்ததும் நான்கு மைக்ரானுக்கு வைக்கிறோம். நான்கு மைக்ரான் என்றால் ஒரு சிவப்பணுவின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு மெல்லிய சீவல், அதாவது ஒரு செக்‌ஷன். ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு ரிப்பனாக வரும். அதைத் தூரிகையில் ஏந்தி 45 டிகிரி வெந்நீரில் மிதக்கவிட்டால் சுருக்கமெல்லாம் தானே பிரியும். அடியில் ஸ்லைடைக் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது நல்ல பிளேடு இருக்கிற நாளின் கதை. முனை மழுங்கியிருந்தால் செக்‌ஷன் நசுங்கிச் சுருங்கும். அல்லது கடை ஷட்டர் மாதிரி தடிப்பும் மெலிவுமாக வரி வரியாக வரும். முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொரிவு விழுந்துவிட்டால் ஒவ்வொரு செக்‌ஷனிலும் அதே இடத்தில் நெடுக்க ஒரு கிழிசல். அந்தக் கிழிசல், என்ன ராசியோ, மருத்துவர் பார்க்க விரும்புகிற இடத்தைத்தான் தேடிப் போகும்.

சென்ற மாதம் 23ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். சுற்றறிக்கை பிறகுதான் வந்தது. ஸ்டோர்ஸில் வாய்மொழியாக இந்த எட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது. அன்று பெட்டியில் பிரிக்காத பிளேடு ஒன்றுதான். மாதம் முடிய ஒரு வாரம். மைக்ரோடோமில் இருந்தது மூன்று நாள் ஓடி நான்காவது நாளில் இருந்தது. அதில்தான் ஒரு வயிற்று பயாப்சியைப் பூட்டினேன். எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுத்த நான்கு துணுக்கு, ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.

ரிப்பன் வரவில்லை. பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிளேடை நகர்த்தினேன். 80 மில்லிமீட்டர் நீளத்தை மூன்று பங்காக வைத்துக்கொண்டு, ஒரு பங்கை மேல் மெழுகு சீவவும் மற்ற இரண்டைச் செக்‌ஷன் எடுக்கவும் பயன்படுத்துவது எங்கள் வழக்கம். (சிக்கனத்தை நாங்கள் சுற்றறிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை.) நகர்த்திவைத்த பங்கும் மழுங்கிப் போயிருந்தது. அடுத்ததும். பிளேடை ஒவ்வொரு முறை அசைக்கும்போதும் பிளாக்கின் முகம் அதோடு படிய மறுபடி கொஞ்சம் சீவித்தான் ஆக வேண்டும். அப்படிச் சீவிக் குப்பையில் போனது வெறும் மெழுகு இல்லை, அந்த மனிதரின் வயிறு. கடைசியில் புதுப் பிளேடைப் பிரித்துப் பூட்டினேன். தேறியது இரண்டு ஸ்லைடு. அதில் சந்தேகத்துக்கு இடமாக நாலைந்து செல்கள். மருத்துவர் இன்னும் ஆழத்தில் வெட்டித் தரச் சொன்னார், இம்யூனோ என்கிற சிறப்புச் சாயப் பரிசோதனைக்கும் செக்‌ஷன் கேட்டார். பிளாக்கைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றுமில்லை.

'திசு போதவில்லை, மறு பயாப்சி தேவை' என்று ரிப்போர்ட் போனது.

அவர் மலை ஊர்க்காரர். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு மகனோடு எங்கள் ஜன்னலுக்கு வந்தார். "மறுபடியும் அந்தக் குழாய விடுவாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்தக் கோப்பு எண்ணைச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. பதினெட்டு நாள் கழித்துத்தான் அவருக்கு அடுத்த எண்டோஸ்கோபிக்குத் தேதி கிடைத்தது. அதன் முடிவு அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் உரியது, இங்கே வேண்டாம்.

அந்தப் பிளேடை நான் முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் விட்டது என் தவறுதான், மறுக்கவில்லை. கை பெட்டிக்குப் போனது. இன்னும் ஒரு வாரத்துக்கு இது ஒன்றுதான் என்ற நினைப்பு அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. அந்த நினைப்பை எனக்குக் கொடுத்தது யார் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு எங்களுக்குச் சராசரியாக 60 பிளாக். 25 வேலை நாளுக்கு 1,500. எட்டால் வகுத்தால் ஒரு பிளேடுக்கு 187 பிளாக், மிச்சம் அரை. 'பயன்பாட்டு நெறி' என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த 187½ தான். கருப்பைத் தசைக்கட்டியும், சுண்ணாம்பு படிந்த தைராய்டும், தையல் நூலோ கிளிப்போ உள்ளே தங்கிவிட்ட குடலும், சுண்ணாம்பு சரியாகக் கரையாத எலும்பும் எல்லாம் அந்த 187½க்குள் அடக்கம். எலும்புத் துணுக்கு ஒன்று போதும், புதுப் பிளேடின் முனை ஒரே சுற்றில் போய்விடும். அடுத்த பிளாக் எட்டு வயதுக் குழந்தையின் சிறுநீரக பயாப்சியாக இருக்கலாம். நூல்போல ஒரு கீற்று, அதை இரண்டு மைக்ரானில் வெட்ட வேண்டும். அப்போது நான் கேல்குலேட்டரை எடுக்க வேண்டுமா, பிளேடை எடுக்க வேண்டுமா?

பயன்பாடு உண்மையிலேயே கூடியிருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தை எங்களிடம் கேட்பதற்கு முன் உங்களுடைய இன்னொரு சுற்றறிக்கையைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். ப்ராசஸரில் வாரம் ஒருமுறை மாற்றிய ஆல்கஹாலை இனி மாதம் இருமுறை மாற்றினால் போதும் என்று அதில் இருக்கிறது. ஆல்கஹால் பழசானால் திசுவில் நீர் நிற்கும். நீர் நின்ற இடத்துக்குச் சைலீன் போகாது. சைலீன் போகாத இடத்துக்கு மெழுகு போகாது. மெழுகு இறங்காத திசு பிளாக்குக்குள் கூழாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கூழிலிருந்து ஒரு உருப்படியான செக்‌ஷன் எடுக்க நாலு தடவை குளிரவைத்து, நாலு தடவை வெட்டி, கடைசியில் புதுப் பிளேடுதான் போட வேண்டியிருக்கும். ஆல்கஹாலில் மிச்சம் பிடித்தது பிளேடில் செலவானது. இப்போது பிளேடிலும் மிச்சம் பிடிக்கிறோம். இனி அது எண்டோஸ்கோபி அறையில் செலவாகும். பிளேடின் விலை ஒரு கோப்பில் இருக்கிறது, மறு பயாப்சியின் செலவு வேறொரு கோப்பில் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசைக்கு வருவதில்லை, அதுதான் தொல்லை.

பழைய பிளேடுகளை எண்ணி ஒப்படைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கூர்மையான உலோகக் கழிவு எதுவானாலும் துளைக்க முடியாத வெள்ளை நிறக் கொள்கலனுக்குள் போக வேண்டும். போனது திரும்பி வரக்கூடாது. நீங்கள் சொல்வதோ அதை எடுத்து, துடைத்து, எட்டு எட்டாகக் கட்டி ஸ்டோர்ஸ் ஜன்னலில் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்வது. எண்ணும்போது யாருக்காவது விரல் வெட்டுப்பட்டால் அதற்கு எந்தப் படிவம் என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும். மூன்று நகலில் வைத்துக்கொள்கிறோம்.

பழைய பிளேடைத் தீட்டிப் பயன்படுத்த முடியாதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகவும் காதில் விழுந்தது. கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். தீட்டிய காலம் ஒன்று இருந்தது. நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் செய்தார். அவரிடம் இருந்தது பிளேடு அல்ல, கத்தி. முதுகு கனத்த, கைக்கு எடை தெரிகிற இரும்புக் கத்தி. கல்லில் தேய்த்து, சவரக் கடைக்காரர் மாதிரி தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. ஒரு கத்திக்கு ஒரு மணி நேரம் போகும். நாளுக்குப் பதினைந்து பிளாக் வந்த காலம் அது, நேரம் இருந்தது. இன்றைய பிளேடின் தடிமன் கால் மில்லிமீட்டர். அதைத் தோல்வாரில் வைத்தால் வளையும், இல்லையென்றால் உடையும். அந்தக் கத்தி இன்னும் மரப்பெட்டியில் எங்களிடம் இருக்கிறது. குழு விரும்பினால் அனுப்பிவைக்கிறேன், தீட்டித் திருப்பி அனுப்புங்கள்.

இவ்வளவு எழுதிய பிறகு, வந்த திசுவை முதலில் வெட்டிப் பார்க்கிற கிராஸிங் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் போன தீபாவளியிலிருந்து ஓடவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபார்மலினிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே முடிவு செய்துவிட்டது. ஊரார் உடம்பில் புற்று இருக்கிறதா என்று பார்க்கிற அறையில், பார்க்கிறவர்கள் கண்ணெரிச்சலோடு அதை இழுத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று கடிதம் எழுதியாயிற்று. 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் வந்திருக்கிறது. கடிதத்தை எழுதியபோது அறையில் இருந்த பயிற்சி மாணவி படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டாள். கூட்ட அறையின் புது ஏசி மட்டும் எந்தப் பரிசீலனையும் இல்லாமல் ஒரே வாரத்தில் மாட்டப்பட்டதை... சரி, அது வேண்டாம். பிளேடுக்கு வருகிறேன்.

குரல் எங்காவது உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். உங்கள் மீது மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஏலமும் தணிக்கையும் நிதி வரம்பும் உங்களை எப்படி நெருக்கும் என்பது இந்த மருத்துவமனையில் இத்தனை வருடம் இருந்தவனுக்குத் தெரியாததல்ல. கணக்கு வேண்டுமென்றால் தருகிறோம். எந்தப் பிளேடு எந்தத் தேதியில் பூட்டப்பட்டது, எத்தனை பிளாக் வெட்டியது, எதனால் மாற்றப்பட்டது என்று மைக்ரோடோம் பக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம். மாதக் கடைசியில் நீங்கள் யாரையாவது அனுப்பிப் பார்க்கலாம். நீங்களே வந்தாலும் மகிழ்ச்சிதான், காலை ஒன்பதரைக்கு வந்தால் முதல் பிளாக் வெட்டும் நேரம். ஒரு மழுங்கிய பிளேடிலும் ஒரு புதுப் பிளேடிலும் ஒரே பிளாக்கை வெட்டிக் காட்டுகிறேன். நோயாளியுடையது அல்ல, பயிற்சிக்கு வைத்திருக்கும் பிளாக்.

எட்டு என்ற வரம்பை மட்டும் எடுத்துவிடுமாறு மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

50 பிளேடு கொண்ட ஒரு பெட்டி கேட்கும் இன்டென்ட் சீட்டு, துறைத் தலைவரின் கையெழுத்தோடு 11ஆம் தேதி ஸ்டோர்ஸுக்கு வந்திருக்கிறது. நேற்று இன்னொரு நகலும் கொடுத்தோம். இன்று 19ஆம் தேதி. பெட்டியில் இரண்டு பிளேடு இருக்கிறது.

இப்படிக்கு,
திசு நோயியல் ஆய்வகத்திலிருந்து
ஒரு லேப் டெக்னீஷியன்