தொய்ந்து கிடந்த கயிறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம்.

ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் ஊரில் நாம் டீ குடித்த கடையில், சுவரில் மாட்டியிருந்த பழைய செய்தித்தாள் படத்தை விட்டு நான் நகரவே இல்லை. "அதில அப்படி என்னப்பா இருக்கு?" என்று கேட்டாய். அங்கே வைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

நாலைந்து வயதுப் பிள்ளை. பக்கத்தில் கிளைட்ஸ்டேல் குதிரை. ஜட்கா வண்டிக் குதிரையைப் பார்த்து வளர்ந்தவன் நான். இது கிட்டத்தட்ட ஒரு டன் கனம், தோள் உயரமே ஐந்தரை அடி இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளை மயிர் குளம்பை மூடித் தொங்குகிறது. ஒவ்வொரு குளம்பும் சோற்றுத் தட்டு அகலம். ஆனால் பிள்ளை பிடித்திருந்த கயிறு தொய்ந்து கிடந்தது. யாரும் இழுக்காமல் குதிரை தானாகவே தலையைப் பிள்ளையின் முகம்வரை இறக்கியிருந்தது.

ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றுப் பக்கத்து இனம். உழவும் நிலக்கரி வண்டியும் இழுத்து உழைத்தவை. முதல் உலகப் போருக்கு ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். அப்புறம் டிராக்டர் வந்தது. 1975இல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்க்கும் அளவுக்குக் குறைந்துபோயின. நாம் அண்ணாந்து பார்த்த கெல்பிஸ், அந்த 30 மீட்டர் எஃகுக் குதிரைத் தலைகள், இரண்டு கிளைட்ஸ்டேல்களை மாதிரியாக வைத்துச் சிற்பி ஆண்டி ஸ்காட் செய்தவை. ஒன்றின் பெயர் டியூக், மற்றது பேரன் (Baron). அந்தப் பெயரைப் படித்ததும் என் பேரன், உன் பையன் நினைவுதான் வந்தது.

உன் ஆறு வயதில், இடுப்பில் கயிறு கட்டி உன்னைக் கிணற்றில் இறக்கினேன். நீ கதறினாய். பயம் தெளியட்டும் என்று கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். நீச்சல் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நீ கிணற்றுப் பக்கமே போகவில்லை. அது தப்பு, கண்ணு. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

நாயைக் கண்டாலே உன் பையன் உன் காலைக் கட்டிக்கொள்கிறான். அவனை அதட்ட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். கோடையில் உழவர் கண்காட்சிக்குக் கூட்டிப் போ. குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டு, குதிரையின் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போங்கள். நேர் பின்னால் யார் வந்தாலும் அதற்குத் தெரியாது, மிரளும். அவன் எட்டி நின்றால் நிற்கட்டும். தொடாமல் திரும்பினாலும் சரி.

அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள். வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா