தூரக் கணக்கும் பயண நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைதூர நகரங்களுக்கு இடையிலான விமானப் பயண நேரத்தை, தூரத்தை வேகத்தால் வகுத்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. அந்த எண் பயணியைத் தவறான கணக்கில் இறக்கிவிடுகிறது.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 5,540 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக வரும். கால அட்டவணையோ மேற்கு நோக்கிச் செல்ல ஏறத்தாழ எட்டு மணி நேரமும், திரும்பி வர ஏழு மணி நேரமும் காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது முதல் தரையிறங்கி வாயிலில் நிற்பது வரை அதில் அடக்கம். அதோடு, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் ஒரு திசையில் விமானத்தைத் தள்ளுகிறது, மறு திசையில் தடுக்கிறது. பயணச்சீட்டில் காலை 11 மணிப் புறப்பாடு, பிற்பகல் 2 மணி வருகை என்று கண்டு மூன்று மணி நேரப் பயணம் என்று மகிழ்ந்தவரை நான் அறிவேன். லண்டன், நியூயார்க் கடிகாரங்களுக்கு இடையிலான ஐந்து மணி நேர வேறுபாட்டை அவர் மறந்துவிட்டார்.

வான்வெளிக் கட்டுப்பாடுகளும் உண்டு. லண்டன்–டோக்கியோ தூரம் சுமார் 9,600 கிலோமீட்டர் என்பது மாறவில்லை. ஆனால் 2022க்குப் பின் ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றிச் செல்லும் விமானங்களுக்கு 12 மணி நேரம் சுமார் 14 ஆகிவிட்டது.

எனவே, பயணச் செய்திகளில் நேர்த் தூரத்துடன் இரு திசைகளின் அட்டவணை நேரத்தையும் தனித்தனியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்